கடனில் விழுந்த கம்பனி: கோரல்களை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

நீதிமன்றம் ஒரு கம்பனியை முடிவுறுத்த உத்தரவிட்டதும் லிக்விடேட்டரின், அதாவது சொத்துகளை விற்றுக் கடன்கொடுத்தோருக்குப் பங்கிட நியமிக்கப்பட்டவரின், மேசைக்குக் கோரல்கள் வரத் தொடங்கும்: "கம்பனி எனக்கு இவ்வளவு தரவேண்டும்" என்று கடன்கொடுத்தோர் தரும் விண்ணப்பங்கள். அவற்றைப் பிரித்து, சரிபார்த்து, "இவ்வளவு ஏற்கலாம்" என்று குறிப்பு எழுதும் வேலை பெரும்பாலும் கணக்காய்வு அலுவலகத்து உதவியாளர்களிடமும் சட்டத்தரணிகளின் கனிஷ்டர்களிடமும்தான் வந்து சேரும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அந்த இடங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கம்பனியை வைத்துக்கொள்வோம். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓர் அரிசி ஆலை, தனியார் கம்பனியாகப் பதிந்தது. வங்கிக்குக் காணியும் கட்டடமும் ஈடு. நெல் கொடுத்த விவசாயிகளுக்குப் பணம் பாக்கி. பசளைக் கடை, சாக்கு விற்றவர், லொறிக்காரர், ஊழியர், இறைவரி, பணிப்பாளரின் மைத்துனர் என்று எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு கோரலைக் கூட்டி ஏற்றால் கம்பனிக்கு இனி நட்டமில்லை, அது ஏற்கெனவே விழுந்துவிட்டது. நட்டம் மற்றக் கடன்கொடுத்தோருக்கு. சம்மாந்துறை வட்டையில் பெரும்போக நெல்லைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரின் பங்கிலிருந்துதான் அந்தக் காசு போகிறது. நியாயமான கோரலைக் குறைத்து எழுதினாலும் அதே அநியாயம்தான், இம்முறை கோரியவருக்கு.

1. கோரலைத் திறக்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

முடிவுறுத்தல் மனுவின் பிரதி, நீதிமன்ற உத்தரவு, லிக்விடேட்டரின் நியமனம். கம்பனியின் பேரேடு, கொள்வனவுப் புத்தகம், வங்கிக் கூற்றுகள், காசோலைப் புத்தக அடிக்கட்டைகள். கம்பனிப் பதிவாளரிடம் பதியப்பட்ட பொறுப்புகளின் (கடனுக்காகக் கம்பனியின் சொத்தின் மீது கொடுத்த ஈட்டுரிமைகளின்) விபரம். காணிப் பதிவகத்தில் எடுத்த காணிப் பதிவின் சான்றுப் பிரதி. ஊழியர் சேமலாப நிதிக்கான மாதாந்தச் சி படிவங்கள், சம்பளப் பட்டியல். கடைசியாகக் கணக்காய்வு செய்யப்பட்ட நிதிக்கூற்று.

அரிசி ஆலை என்றால் இன்னும் இரண்டு வேண்டும்: தராசுச் சீட்டுப் புத்தகமும் களஞ்சியப் பதிவேடும். கணக்குப் புத்தகம் முதலாளியின் விருப்பத்துக்கு எழுதப்பட்டிருக்கலாம். தராசடியில் இருந்தவர் நெல் வந்த வேளையில் எழுதிய சீட்டை அப்படிச் சோடிப்பது கடினம். ஆலை பூட்டப்படும் நாளிலேயே இந்தப் புத்தகங்களைக் கைப்பற்றாவிட்டால் அவை பிறகு கிடைப்பதில்லை. ஆகவே முதல் நாள் வேலையே இதுதான்.

ஒரு பழைய எழுதுவினைஞரையோ தராசுக்காரரையோ தொடர்பில் வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் கையெழுத்து யாருடையது?" என்ற கேள்விக்கு அவரை விட்டால் ஆளில்லை.

2. திகதியை முதலில் பூட்டுங்கள்

கோரல்கள் எல்லாம் ஒரே திகதிக்கு மதிப்பிடப்பட வேண்டும்: முடிவுறுத்தல் தொடங்கியதாகச் சட்டம் கருதும் திகதி. வட்டி அதுவரைதான் கணக்கிடப்படும், வெளிநாட்டு நாணயக் கடன் அன்றைய மாற்றுவீதத்தில்தான் ரூபாயாக மாறும், காலாவதியும் (கடனுக்கு வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டதா என்பதும்) அன்றைக்குத்தான் பார்க்கப்படும்.

மனு தாக்கல் செய்த திகதி, உத்தரவு வந்த திகதி, அறிவித்தல் வெளிவந்த திகதி என்று மூன்று நான்கு திகதிகள் கோவையில் கிடக்கும். எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, கோவையின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு பேர் வேலையைப் பகிர்ந்தால், ஒருவர் மார்ச் வரைக்கும் மற்றவர் ஜூலை வரைக்கும் வட்டி கூட்டியிருப்பார். பிறகு எல்லாவற்றையும் மீண்டும் போடவேண்டி வரும்.

3. கோரல் பதிவேடு

வரும் ஒவ்வொரு கோரலுக்கும் வந்த வரிசையில் எண், வந்த திகதி, வந்த வழி, கோரிய தொகை, இணைத்த ஆவணங்கள். அன்றைக்கு இவ்வளவுதான். வந்த நாளிலேயே "இது சரி, இது பொய்" என்று குறிப்பெழுதாதீர்கள். முதலில் வரும் பத்துக் கோரலில் ஒருவருக்குச் சரியென்று பட்டது, நூறு கோரலைப் பார்த்தபின் வேறாகத் தெரியும்.

கோரல் உரிய படிவத்தில், சத்தியக்கடதாசியோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். சமாதான நீதவானின் முத்திரையும் கையொப்பமும் இருந்தும் திகதி இல்லாத சத்தியக்கடதாசிகள் நம் பக்கம் நிறைய வரும். அவற்றைத் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்குங்கள். அதற்காகவே நிராகரிப்பது நியாயமில்லை. வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ பஸ் ஏறி வந்த ஒருவருக்கு, என்ன குறை, எந்தத் திகதிக்குள் திருத்தவேண்டும் என்று தமிழில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் இரண்டாம் முறை சரியாக வரும்.

பெயரும் இங்கேயே சரிபார்க்கப்பட வேண்டும். தராசுச் சீட்டில் வீட்டுப் பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல், வங்கிக் கணக்கு மகனின் பெயரில் என்று இருக்கும். ஒரே முதலெழுத்தோடு ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதும் சாதாரணம். அடையாள அட்டை எண்ணைப் பதிவேட்டில் எழுதாவிட்டால், ஒரே நெல்லுக்குத் தகப்பனும் மகனும் தனித்தனியே கோரியது உங்கள் கண்ணில் படாது.

4. முதல் கேள்வி: கடன்பட்டவர் இந்தக் கம்பனியா?

புதிதாக வருகிறவர்கள் நேரே தொகைக்குப் போய்விடுவார்கள். தொகை நான்காவது கேள்வி. யார் கடன்பட்டது, கடன் உண்டானதா, அது காலாவதியாகவில்லையா, எவ்வளவு, எந்த வரிசையில் நிற்கிறது என்ற ஒழுங்கில் போனால் பாதிக் கோரல்களுக்குத் தொகையைக் கணக்கிடும் வேலையே வராது.

நம் ஊர் வியாபாரம் ஆளை நம்பி நடப்பது. விவசாயி "முதலாளியிட்ட குடுத்த காசு" என்றுதான் சொல்வார். சட்டத்தின் கண்ணில் முதலாளி வேறு, கம்பனி வேறு. ஆகவே ஒவ்வொரு ஆவணத்திலும் பெயரைப் பாருங்கள். கம்பனியின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா? அல்லது கம்பனியாகப் பதிய முன்பு அதே இடத்தில் நடந்த 'ஸ்டோர்ஸ்' பெயரா? பழைய பில் புத்தகம் முடியும்வரை கம்பனியானபின்னும் அதையே பாவிப்பார்கள். அப்படியான பில்லைப் பார்த்ததும் நிராகரிக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போனது, முன்பு பகுதிக் கொடுப்பனவு எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள். கம்பனியின் வங்கிக் கணக்கிலிருந்து அதே பில்லுக்குப் பணம் போயிருந்தால், கம்பனி அந்தக் கடனைத் தன்னுடையதாக ஏற்றதற்கு அது வலுவான சான்று.

முதலாளி தன் சொந்தக் காசோலையைக் கொடுத்து, பணமும் அவர் வீட்டுக் கட்டடத்துக்குப் போயிருந்தால், அது அவர் மீதான வழக்கு. கோரியவரிடம் அதை விளக்கிச் சொல்லுங்கள். தன் உரிமையை வேறிடத்தில் தேடவேண்டும் என்று அவருக்கு நேரத்தோடு தெரிந்தால் அங்கேயாவது காலாவதியில் மாட்டாமல் இருப்பார்.

"லாபத்தில் பங்கு" என்று காசு போட்டவர்கள் இன்னொரு கூட்டம். மாதம் ஒரு தொகை வாங்கியிருப்பார்கள். அது கடனா, பங்கு முதலீடா, பணிப்பாளரோடு தனிக் கூட்டா என்பது காகிதத்தில் எழுதிய சொற்களில்தான் தங்கியிருக்கிறது. நட்டத்திலும் பங்கு உண்டு என்று எழுதியிருந்தால், கடன்கொடுத்தோர் வரிசையில் அவரை நிறுத்துவது சிரமம். முதலைத் திருப்பித் தருவதாகத் திகதியோடு எழுதியிருந்தால் கடனாகப் பார்க்க இடமுண்டு. இந்தக் கோரல்களைத் தனியே ஒரு கட்டாகக் கட்டிச் சட்டத்தரணியிடம் ஒன்றாகக் கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொரு பதில் வரும்.

5. இரண்டாவது கேள்வி: கடன் உண்மையில் உண்டானதா?

பொருள் கொடுத்தவருக்கு மூன்று காகிதம் ஒத்துப்போக வேண்டும்: கேட்ட கட்டளை, பொருள் பெற்ற சீட்டு, விலைச்சிட்டை. நெல்லில் கட்டளை இருக்காது. தராசுச் சீட்டும் களஞ்சியப் பதிவும்தான். தராசுச் சீட்டில் திகதி, மூடைகளின் எண்ணிக்கை, நிறை, ஈரப்பதக் கழிவு, வண்டி இலக்கம், பெற்றவரின் கையொப்பம் ஆகியவற்றைப் பாருங்கள். மூடைக் கணக்கில் கோரினால் ஒரு மூடை எத்தனை கிலோவாகப் பேசப்பட்டது என்பதை அதே ஆலையின் மற்றச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். ஆலைக்கு ஆலை அது மாறும்.

சீட்டு தொலைந்தவர்கள் வருவார்கள். சீட்டில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அனுப்பிவிடக்கூடாது. அன்றைய தினம் அடிப் பிரதியில் அவர் பெயர் உண்டா, அவருடைய காணியின் பரப்புக்கு அந்த விளைச்சல் பொருந்துகிறதா, நெல் ஏற்றிய லொறிக்காரரின் கூலிக் கோரலில் அந்த நடை இருக்கிறதா என்று பாருங்கள். லொறிக்காரர் தன் கூலிக்காகக் கொடுத்த பட்டியல் இருபது விவசாயிகளின் கோரலுக்குச் சாட்சியாகிவிடும். கோரல்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்காமல் தனித்தனியே பார்ப்பவருக்கு இது கிடைக்காது.

வாட்ஸ்அப் செய்திகளையும் ஒதுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இலத்திரனியல் பதிவுகளுக்குச் சான்றுப் பெறுமதி உண்டு. திரையைப் பிடித்த படம் (ஸ்கிரீன்ஷொட்) மட்டும் போதாது. தொலைபேசியையே காட்டச் சொல்லி, இலக்கம், திகதி, முன் பின் செய்திகள் ஆகியவற்றைச் சேர்த்து அச்செடுத்து, சத்தியக்கடதாசியோடு இணைக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பிரதேசத்தில் மிகச் சிக்கலானது விலை முடிக்காத நெல். அறுவடை நேரம் விலை விழுந்து கிடக்கும். காயவைக்க இடமில்லை, வைக்கக் களஞ்சியமில்லை. "ஆலையில் போடுங்க, விலை ஏறினதும் முடிப்பம்" என்று முதலாளி சொல்ல, விவசாயி இறக்கிவிட்டுப் போய்விடுவார். பின்பு ஆலை பூட்டப்படும். இப்போது அந்த நெல் யாருடையது?

முதலில் நெல் இருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய மூடைகள் பெயரெழுதித் தனியே அடுக்கிக் கிடந்தால், அவர் நெல்லைப் பாதுகாப்புக்குத்தான் வைத்தார் என்று வாதிட இடமுண்டு. அப்படியானால் அது கம்பனியின் சொத்தே இல்லை, அவருக்கே திருப்பிக் கொடுக்கவேண்டியது. இதை லிக்விடேட்டர் தானாக முடிவெடுக்காமல் நீதிமன்றத்தின் பணிப்பைக் கேட்பது நல்லது. ஆனால் விற்பனைக்கு முன்பே கேட்க வேண்டும். இருப்பை ஏலத்தில் விற்றபின் கேட்டுப் பயனில்லை.

நெல் மற்றவர்களுடையதோடு கலந்து, குற்றி, அரிசியாகிப் போயிருந்தால் அவருக்கு இருப்பது பணக் கோரல். விலை பேசப்படவில்லை என்பதற்காகக் கடன் இல்லை என்றாகாது. பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின்படி விலை நிர்ணயிக்கப்படாத விற்பனையில் நியாயமான விலை கொடுக்கப்பட வேண்டும். அந்த ஆலை அதே வாரங்களில் மற்றவர்களுக்கு முடித்த விலைகளை எடுத்து ஓர் அட்டவணை போடுங்கள். நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று இனம் பிரித்துப் போடவேண்டும். எல்லோருக்கும் ஒரே அட்டவணை. ஒருவர் சத்தமாகப் பேசினார் என்று அவருக்கு மட்டும் கூடிய விலை எழுதினால் முழுப் பட்டியலும் எதிர்ப்புக்கு உள்ளாகும்.

6. மூன்றாவது கேள்வி: காலாவதியாகிவிட்டதா?

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச்சட்டம் இங்கே கவனிக்கப்பட வேண்டும். பொருள் விற்றுக் கொடுத்த கடன், கடைப் பில், வேலைக் கூலி ஆகியவற்றுக்கு 1 வருடம்தான். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம். எழுத்து ஒப்பந்தம், வாக்குறுதிச் சீட்டு, காசோலை போன்ற மாற்றுண்டியல்களுக்கு 6 வருடம். ஈட்டு உறுதிக்கு 10 வருடம்.

பசளைக் கடைக்காரரின் இரண்டு வருடத்துக்கு முந்திய பில் இங்கே விழுந்துவிடும் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். அதே கடனுக்கு ஒரு காசோலை கையில் இருந்தால் காசோலையை வைத்துக் கோரலாம். இடையில் கம்பனி பகுதிக் கொடுப்பனவு செய்திருந்தாலோ, கையொப்பமிட்டு நிலுவையை ஏற்றுக் கடிதம் கொடுத்திருந்தாலோ காலம் அங்கிருந்து புதிதாக ஓடும். கணக்காய்வாளர் வருடா வருடம் அனுப்பும் நிலுவை உறுதிப்படுத்தல் கடிதத்தில் பணிப்பாளரின் கையொப்பம் இருந்தால், அதையும் ஏற்புக் கடிதமாக எடுக்கலாமா என்று சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

வேலை செய்யும் ஒழுங்கு இது: கடன் செலுத்தவேண்டி வந்த திகதியைக் குறியுங்கள், பிறகு கடைசிக் கொடுப்பனவு அல்லது கடைசி எழுத்து ஏற்பு எப்போது என்று தேடுங்கள், அதன்பின் எந்த வகைக்குள் விழுகிறது என்று பாருங்கள். வகையை முதலில் தீர்மானித்துவிட்டுத் திகதியைத் தேடினால், உயிருள்ள கோரலை நிராகரித்துவிடுவீர்கள்.

7. நான்காவது கேள்வி: எவ்வளவு?

இரட்டைக் கணக்கு இங்கேதான் நடக்கும். நம் பக்கம் பில்லுக்கு எதிராகப் பின்திகதியிட்ட காசோலை கொடுப்பது வழக்கம். கோரியவர் பில்லையும் வைத்து, திரும்பி வந்த காசோலையையும் வைத்து இரண்டையும் கூட்டியிருப்பார். காசோலை திரும்பியபின் புதுக் காசோலை கொடுத்திருந்தால் மூன்று காகிதம் ஒரே கடனுக்கு. ஒவ்வொரு காசோலையும் எந்தப் பில்லுக்கு என்று கோடிழுத்துக் காட்டும் ஒரு தாள் இல்லாமல் தொகையைத் தொடாதீர்கள். வங்கியின் திருப்பியனுப்பல் சீட்டில் உள்ள காரணத்தையும் பாருங்கள்.

அடுத்தது கழிவுகள். விவசாயிக்கு விதைப்புக் காலத்தில் முற்பணம் கொடுத்திருப்பார்கள், சாக்கு கொடுத்திருப்பார்கள், வெட்டு மெசினுக்குக் காசு கட்டியிருப்பார்கள். பசளைக் கடைக்காரர் அதே ஆலையில் தவிட்டையும் குருணலையும் கடனுக்கு எடுத்துக் கோழிப்பண்ணைக்குக் கொடுத்திருப்பார். இருவருக்கும் இடையே ஒருவருக்கொருவர் உள்ள கடன்களைக் கழித்து மிச்சத்தைத்தான் கோரலாக ஏற்கவேண்டும். கழிக்கும்போது ஆட்கள் ஒன்றாக இருக்கவேண்டும். கடைக்காரரின் தம்பி தவிடு வாங்கியதை அண்ணனின் கோரலில் கழிக்க முடியாது. அதைத் தம்பியிடம் தனியே அறவிடவேண்டும்.

வட்டி என்றால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? எழுதாத வட்டியைக் கடைக்காரர் மாதம் இத்தனை சதவீதம் என்று போட்டிருந்தால் நீக்குங்கள். தனியார் வட்டிக்காரரின் கோரலில் வட்டி முதலையே தாண்டி நின்றால், நிலுவை வட்டி முதலுக்கு மேற்போகக் கூடாது என்ற பழைய விதி நம் சட்டத்தில் உண்டு. அந்தக் கோரலைத் தனியே குறித்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

இன்னும் நிச்சயமாகாத தொகைகள், உதாரணமாக ஆலையில் கையில் காயப்பட்டவரின் நட்டஈடு போன்றவை, தொகை தெரியாது என்பதற்காக நிராகரிக்கப்படக் கூடாது. மதிப்பிட்டு எழுதலாம், அல்லது நீதிமன்றத்தின் முடிவுக்கு விடலாம். வேறு நீதிமன்றத்தில் அவர் வழக்குப் போட்டிருந்தால், முடிவுறுத்தல் உத்தரவின்பின் நீதிமன்ற அனுமதியில்லாமல் கம்பனிக்கு எதிராக அது தொடர முடியாது. ஆகவே அவர் கோரலையும் தாக்கல் செய்யவேண்டும் என்று அறிவியுங்கள்.

8. ஈடு உள்ள கடன்கள்

வங்கியின் கோரல் அழகாகக் கட்டுக் கட்டாக வரும். அதனால்தான் அதைச் சரிபார்க்காமல் விடுகிறார்கள். மூன்று காரியம் பாருங்கள்: ஈட்டு உறுதி, காணிப் பதிவகப் பதிவு, கம்பனிப் பதிவாளரிடம் பொறுப்புப் பதிவு. சட்டம் குறித்த காலத்துக்குள் பதிவாளரிடம் பதியப்படாத பொறுப்பு லிக்விடேட்டருக்கும் ஏனைய கடன்கொடுத்தோருக்கும் எதிராகச் செல்லாது. கடன் போகாது, ஈடு போய்விடும். அப்போது வங்கியும் மற்றவர்களோடு வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

ஈடு செல்லுபடியானால் வங்கி ஈட்டை விற்று மிச்சத்துக்குக் கோரலாம், ஈட்டை மதிப்பிட்டு மிச்சத்துக்குக் கோரலாம், அல்லது ஈட்டை விட்டுக்கொடுத்து முழுத் தொகைக்கும் சாதாரணக் கடன்கொடுத்தோராக வரலாம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பராட்டே முறையில் நீதிமன்றம் போகாமலே விற்கும் அதிகாரமும் வங்கிக்கு உண்டு. எதுவாயினும், முழுக் கடனுக்கும் ஈட்டை வைத்துக்கொண்டு, அதே முழுக் கடனையும் சாதாரணக் கோரலில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இருப்பின் மீதான மிதக்கும் பொறுப்பு, அதாவது குறித்த ஒரு பொருளில் நில்லாமல் மாறிக்கொண்டிருக்கும் சரக்கின் மீது வைத்த ஈடு, வேறு வகை. அதைக் காணி ஈடு போல ஒதுக்கிவைக்காதீர்கள். அடுத்த பகுதியில் வரும் முன்னுரிமைக் கோரல்கள் அதற்கு முன் நிற்கும்.

லீசிங்கில் எடுத்த லொறியும் உழவு இயந்திரமும் கம்பனியின் சொத்தில்லை. வாகனப் பதிவில் முழு உரிமையாளர் யார் என்று பாருங்கள். லீசிங் நிறுவனம் வாகனத்தை எடுத்து விற்றபின் மிச்சத்துக்கு வரும்போது, விற்ற விலையின் ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

9. ஊழியரும் இறைவரியும்

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை முன்னுரிமைக் கோரல்களைச் சொல்கிறது. முடிவுறுத்தலின் செலவுகளுக்குப் பின் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை, குறித்த காலத்துக்குரிய வரிகள், குறித்த காலத்துக்குரிய சம்பளம் போன்றவை இதற்குள் வரும். சம்பள நிலுவை முழுவதும் முன்னுரிமை என்று எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. சட்டம் சொல்லும் காலத்துக்கு வெளியே உள்ளது சாதாரணக் கோரலாகப் போகும். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே பிரித்தெழுதுங்கள், ஞாபகத்தில் வேண்டாம்.

ஊழியர்கள் பெரும்பாலும் கோரலே போடமாட்டார்கள். போட்டாலும் சம்பள நிலுவையை மட்டும் எழுதுவார்கள். சம்பளப் பட்டியலை எடுத்து நீங்களே பாருங்கள். சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 சதவீதம் கழித்திருக்கிறார்கள், தொழில்கொள்வோர் 12 சதவீதம் போடவேண்டும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். சம்பளத்தில் கழித்துவிட்டுச் செலுத்தாமல் விட்ட மாதங்கள் சி படிவத்தோடு ஒப்பிட்டால் தெரியும். பிந்திய கொடுப்பனவுக்கு 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணமும் ஏறியிருக்கும். தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்துக்கு எழுதி அவர்களின் கணக்கையும் பெறுங்கள்.

மூடைக் கணக்கில் கூலி வாங்கிய நாட்டாமைகளை 'ஊழியர் அல்ல' என்று ஒதுக்கும் பழக்கம் இருக்கிறது. துண்டுவேலைக்காரருக்கும் அமைய வேலைக்காரருக்கும் சேமலாப நிதி உண்டு. வருடக் கணக்கில் அதே ஆலையில் மூடை சுமந்தவர்களின் பெயர் கூலிப் புத்தகத்தில் இருக்கும். தயவுசெய்து அதைத் தேடி எடுங்கள்.

பணிக்கொடைக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடம், 5 வருடம் நிறைந்த சேவை. மாதச் சம்பளக்காரருக்குச் சேவையாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். 40,000 ரூபாய் சம்பளத்தில் 12 வருடம் வேலை செய்தவருக்கு 20,000ஐ 12ஆல் பெருக்க 240,000 ரூபாய்.

இறைவரித் திணைக்களத்தின் கோரல் சில வேளை மதிப்பீட்டு அடிப்படையில் பெரிதாக வரும், கம்பனி வரி விபரத்திரட்டு கொடுக்காததால். உண்மையான கணக்கைத் தயாரித்துக் கொடுத்தால் குறைய வாய்ப்புண்டு. வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் இங்கே வீண்போகாது.

10. நெருங்கியவர்களின் கோரல்கள்

பணிப்பாளர், அவர் மனைவி, மைத்துனர், சகோதரக் கம்பனி. இவர்களும் கடன் கொடுத்திருக்கலாம், அது தவறில்லை. ஆனால் பணம் உண்மையில் கம்பனியின் வங்கிக் கணக்குக்குள் வந்த தடத்தைக் காட்டவேண்டும். பேரேட்டில் பதிவு மட்டும் போதாது, பேரேடு அவர்கள் கையில்தான் இருந்தது. முடிவுறுத்தலுக்குச் சற்று முன் இவர்களில் யாருக்காவது பெரிய தொகை திருப்பிக் கொடுக்கப்பட்டதா, வாகனம் பெயர் மாற்றப்பட்டதா என்று வங்கிக் கூற்றில் ஒரு வருடம் பின்னோக்கிப் பாருங்கள். இருந்தால் லிக்விடேட்டரிடம் உடனே சொல்லுங்கள். அப்படியான கொடுக்கல்வாங்கல்களைத் திருப்பச் சட்டத்தில் வழி உண்டு. பங்கு வாங்கப் போட்ட பணம் கோரல் அல்ல. எல்லாக் கடனும் தீர்ந்து மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு.

11. முடிவை எழுதுவது

ஒவ்வொரு கோரலுக்கும் ஒரு பக்கம்: கோரிய தொகை, ஏற்ற தொகை, குறைத்ததற்குக் காரணம், பார்த்த ஆவணம், வரிசை. "ஆதாரம் போதாது" என்ற ஒற்றை வரியை எழுதாதீர்கள். "2022 பெரும்போகத்தின் 40 மூடைக்குத் தராசுச் சீட்டும் களஞ்சியப் பதிவும் இல்லை" என்று எழுதினால் அவர் தேடிக் கொண்டுவருவார், அல்லது ஏற்றுக்கொள்வார். முழுதாகவோ பகுதியாகவோ நிராகரித்தால் உடனே எழுத்தில் அறிவிக்கவேண்டும், அவர் நீதிமன்றத்தை நாடலாம் என்பதையும் சேர்த்து. பின்னர் புதிய ஆவணம் வந்து முடிவு பிழை என்று தெரிந்தால் திருத்தலாம். பழைய பக்கத்தைக் கிழிக்காமல் திருத்தத்தைத் திகதியோடு அதன் கீழே எழுதுங்கள்.

12. பங்கீட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

நம் கற்பனை ஆலையில் வங்கிக் கடன் 4 கோடி 80 இலட்சம். ஈட்டுக் காணி 3 கோடி 60 இலட்சத்துக்கு விற்கிறது. வங்கியின் மிச்சம் 1 கோடி 20 இலட்சம் சாதாரணக் கோரலுக்குள் வருகிறது. ஈடில்லாத மற்றச் சொத்துகள் 1 கோடி 50 இலட்சம் தருகின்றன. செலவு 20 இலட்சம், முன்னுரிமைக் கோரல்கள் 40 இலட்சம் போக 90 இலட்சம் மிஞ்சுகிறது. விவசாயிகளும் கடைக்காரர்களும் சேர்ந்து 2 கோடி 40 இலட்சம் என்றால், சாதாரணக் கோரல் மொத்தம் 3 கோடி 60 இலட்சம். ஆகவே ரூபாய்க்கு 25 சதம். 8 இலட்சம் வரவேண்டிய விவசாயிக்கு 2 இலட்சம்.

இப்போது மைத்துனரின் 90 இலட்சக் கோரலைப் பார்க்காமல் ஏற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 கோடி 50 இலட்சம் ஆகிறது, ரூபாய்க்கு 20 சதம். அதே விவசாயிக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம். ஒரு கோரலைப் பார்க்காமல் விட்டதற்கு அவர் 40,000 ரூபாய் இழக்கிறார். பங்கீட்டை வேலையின் நடுவிலேயே இப்படிப் போட்டுப் பார்த்தால், எந்தக் கோரல்களில் நேரம் செலவழிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

13. நீதிமன்றத்துக்குப் போகும் கட்டு

கிழக்கில் பதிந்த கம்பனியின் முடிவுறுத்தல் என்றாலும் வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில் நடக்கும்போது, அங்கே வேலை ஆங்கிலத்தில். தராசுச் சீட்டு, தமிழ்க் கடிதம், கையெழுத்து ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் சான்று வேண்டும். நூற்றுக்கணக்கான ஒரே மாதிரிச் சீட்டு இருந்தால், ஒரு மாதிரியை முழுதாக மொழிபெயர்த்து மற்றவற்றுக்கு அட்டவணை வைக்கலாமா என்று சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேளுங்கள். செலவு பெரிய அளவில் குறையும், அந்தச் செலவும் கடன்கொடுத்தோரின் பணம்தான்.

கட்டைத் தவணைக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் கொண்டுபோகும் நிலைக்கு விடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே பிரதியைச் சட்டத்தரணிக்கு அனுப்பினால், அவர் கேட்கும் விடுபட்ட காகிதத்தைக் காத்தான்குடியிலோ திருக்கோவிலிலோ போய்த் தேடி எடுக்க நேரமிருக்கும். மூலப் பிரதிகளுக்குப் பற்றுச்சீட்டு கொடுத்து வாங்குங்கள், அவற்றை மட்டக்களப்பிலேயே பத்திரமாக வைத்து, நீதிமன்றம் கேட்டால் மட்டும் கொண்டுபோங்கள்.

எதிர்ப்பு நிலுவையில் உள்ள கோரல்களுக்காக முழுப் பங்கீட்டையும் நிறுத்தத் தேவையில்லை. அந்தக் கோரல்கள் முழுதாக ஏற்கப்பட்டால் எவ்வளவு போகுமோ அவ்வளவை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை ஏற்கப்பட்டவர்களுக்கு இடைக்காலப் பங்கீடாகக் கொடுக்க அனுமதி கேட்கலாம். அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கும் காலத்துக்குள் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடப் பாருங்கள்.